பாக்கியத்தின் பெயருக்கு நான் சொன்ன பதில்

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. சபையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் வலித்ததா, மயக்க மருந்து கொடுத்தால் செத்ததுபோல இருக்குமா என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது. அதனால் முழுவதையும் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. உபதேசியார் மணலில் விரல் பிடித்துப் பழக்கினார். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு ஆளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மழைக்காலத்தில் கட்டைச் செருப்பின் வார் உரசி, பெருவிரல் ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு கொப்புளம் வந்தது. வலி இல்லை. வலியில்லாததுதான் கெட்ட அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் விரல் கருத்தது. கிணற்றுத் தண்ணீர் முழுவதும் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. கொல்லையில் நான் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது.

எங்கள் ரப்பர் தோட்டம் பெக்கோக் ஊரிலிருந்து காட்டுக்கு உள்ளே இருக்கிறது. தோட்டத்து டிரெஸ்ஸர், அதாவது டாக்டருக்குக் கீழே இருந்து மருந்து கொடுப்பவர், மூன்று தடவை என் வீட்டுப் படியேறி வந்தார்.

முதல் தடவை, "கங்காணியம்மா, இது சும்மா புண்ணு இல்லை. சிகாமட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், போங்க" என்றார்.

"மஞ்சள் அரைச்சுப் போட்டிருக்கேன். ஆறிடும்."

இரண்டாம் தடவை நான் கதவையே திறக்கவில்லை. மூன்றாம் தடவை வாசலில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"திட்டுறதுன்னா திட்டிக்கோங்க. நாலாவது தடவையும் வருவேன். அப்போ நான் இருப்பேன், உங்க காலு இருக்காது."

ஆஸ்பத்திரி என்றால் எனக்கு ஏன் குலை நடுங்கியது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதை அதுவரை ரெபெக்காளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

ரெபெக்காள் நான் பெற்ற பிள்ளை இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அவள் நாலு வயதில் தாயை இழந்து என் மடிக்கு வந்தாள். பதினேழு வருஷம் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்தது பக்கத்துத் தோட்டத்தில்தான். என் கால் விஷயம் கேள்விப்பட்டதும் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, என்னைக் கேட்காமலே என் புடவைகளை மூட்டை கட்டினாள்.

"வரமாட்டேன்னா தூக்கிக்கிட்டுப் போவேன். நீங்க என்ன பெரிய கனமா?"

ரயிலில் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. அவள் முகம் கோணவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுவதும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு என் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, நீல மருந்து ஊற்றிச் சூடு காட்டினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமானது. சர்க்கரை இருந்தால் அப்படி மாறுமாம். தின்பது உடம்பில் சேராமல் சர்க்கரையாக ரத்தத்தில் தங்கிவிடுகிறது, அதனால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, விரல் செத்துப்போனது என்று டாக்டர் சொன்னதை அங்கிருந்த தமிழ் மிஸ்ஸி எனக்கு விளக்கினாள். நர்சை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிட வேண்டும். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் தொடையில் ஊசி. சோறு ஒரு கைப்பிடிதான்.

சாயங்காலம் மணி அடித்தால் சொந்தக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும். ரெபெக்காள் சபைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கி, பகலெல்லாம் என் கட்டிலடியில் இருந்தாள். சர்க்கரை போடாத கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து, ஆற்றி ஆற்றிக் கொடுப்பாள். சிக்கெடுத்துப் பின்னுவாள். இரும்புக் கட்டில் முதுகில் குத்துகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். மறுநாள் தன் கல்யாணப் போர்வையை மடித்து அடியில் போட்டுவிட்டாள்.

பிற்பகலில் வேதம் வாசிப்பாள். பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகள் இருக்கும் பக்கம். நானாக எழுத்துக் கூட்டிப் படித்தபோது ஒரு நாளைக்கு நாலு வரிதான் போகும். அதனால் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் மளமளவென்று வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது, அத்தனை பக்கத்திலும் ஒரே விஷயம்தான் நடக்கிறது. கர்த்தர் கூப்பிடுகிறார். ஜனங்கள் காது கொடுக்கவில்லை. அவர் வேறு ஆளை அனுப்பிக் கூப்பிடுகிறார். கேட்கவில்லை. அடிக்கிறார், அணைக்கிறார், மறுபடி கூப்பிடுகிறார். விடியுமுன்னே எழுந்து ஆள் அனுப்புகிறவரைப் போல அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

ரெபெக்காளுக்கே அலுத்துப்போனது. "அலமாக்! இந்த ஜனங்களுக்கு எத்தனை தடவைதான் சொல்றது? நானா இருந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த செல்லாயி இதைக் கேட்டுக் குலுங்கிச் சிரித்தாள். யோங் பெங்கிலிருந்து வயிற்றுக் கட்டியோடு வந்தவள். வாய் ஓயாது. "உங்க சாமி ரொம்ப நல்ல சாமிதான் போலிருக்கு. எங்க முனியாண்டி ஒரு தடவைதான் கூப்பிடுவாரு. அடுத்த தடவை அருவாளோட வந்து நிப்பாரு."

அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அருவாளோடு வருகிறவரைப் பற்றி எனக்குப் பயமில்லை, அடிப்பார், முடிந்துபோகும். பதினேழு வருஷம் அடிக்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறவரை என்ன செய்வது?

இனி அந்தப் பழைய காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

காட்டை அழித்துத் தோட்டம் திறந்த புதிது. எங்கள் வரிசை வீடுகளில், லயம் லயமாக, மலைக்காய்ச்சல் விழுந்த காலம். விடியுமுன் தப்பு மேளம் அடிப்பார்கள். எல்லாரும் ஆபீசு முன்னால் திடலில் போய் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கணக்கு எழுதும் கிராணி லாந்தரைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், தலை நிமிரமாட்டார். வந்திருப்பவர் "ஏன்" என்று குரல் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் ஒரு கோடு. கோடு விழுந்தவர் வீட்டுக்கு ஒன்பது மணிக்கு அப்போதிருந்த டிரெஸ்ஸர் வருவார். காய்ச்சல் இருந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்று எங்களுக்கெல்லாம் ஒரு நடுக்கம். அதனால் பெண்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. படுத்துக் கிடப்பவளின் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவள் முக்காட்டை இழுத்துவிட்டு, குரலை மாற்றிப் பதில் சொல்லிவிடுவாள். இருட்டில் யாருக்கும் தெரியாது. நன்மை செய்வதாகத்தான் நினைத்தோம். நாலு பேருடைய குரல் எனக்கு வரும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ரெபெக்காளின் தாய் பாக்கியம் எனக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் மாசிலாமணி ரப்பர் புகைபோடும் கொட்டகையில் வேலை. பெரட்டுக்கு முன்பே போய்விடுவார். ஒரு நாள் விடியுமுன் அவள் காய்ச்சலோடு பாயில் கிடந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எம்பேருக்கு 'ஏன்' குடுத்துடுங்க. என்னை அங்கே தூக்கிட்டுப் போக விட்டுடாதீங்க. சின்னவ தனியாப் போயிடுவா."

நான் "ஏன்" கொடுத்தேன். அவள் குரலில் கொடுத்தேன். களை எடுக்கும் கூட்டத்தை மேய்க்கும் கங்காணி, இப்போது உயிரோடில்லாத என் புருஷன்தான். என் குரல் அவருக்குத் தெரியாதா? அவர் திரும்பிப் பார்க்கவில்லை. களைக்கு ஆளுக்கு ஒரு நிரை என்று தூரத் தூரமாகப் பிரிந்து போவோம், யார் வரவில்லை என்று மற்றவளுக்குத் தெரியாது. புத்தகத்தில் பாக்கியம் வேலைக்கு வந்ததாகப் பதிவு ஆனது. டிரெஸ்ஸர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது காய்ச்சல் மூளைக்கு ஏறி, கண் திறந்தபடி இருந்தாள்; பேச்சு இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டாள். காலையில் காய்ச்சல் மருந்து கொய்னா கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டிரெஸ்ஸர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

புத்தகம் என்ன சொன்னதோ அதைத்தான் ஊரும் சொன்னது. காய்ச்சல்காரியை வேலைக்கு விரட்டிய பாவி என்று மாசிலாமணியைத் தூற்றினார்கள். முன்தினம் அவளிடம் அவர் சத்தம் போட்டதை லயமே கேட்டிருந்தது. அவர் தலை குனிந்து நின்றார். நான் வாய் திறந்திருந்தால் என் புருஷனுடைய கங்காணி வேலை போயிருக்கும். கங்காணி பெண்சாதி என்ற பெயரும் போயிருக்கும். நான் திறக்கவில்லை. மாசிலாமணி தோட்டத்தை விட்டுப் போனபோது, பிள்ளையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பதினேழு கிறிஸ்துமஸ் அவர் வந்தார். பிள்ளைக்கு ஒரு துணியோடு வந்து சபை வாசல் வேப்பமரத்தடியில் நிற்பார். ரெபெக்காள் சின்ன வயதில் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். வளர்ந்த பிறகு, "எங்கம்மாவைக் கொன்ன ஆளு மூஞ்சியிலே முழிக்கமாட்டேன்" என்று கதவைச் சாத்துவாள். நான்தான் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு தடவையும் இந்த வருஷம் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று கேட்கும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பேன். இதையும் மறைக்கமாட்டேன்: அவர் முதுகு மறைகிறபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கும். பிள்ளை எனக்கே இருந்தாள். அநாதையை வளர்த்த புண்ணியவதி என்று சபையில் எனக்கு முன்வரிசையில் பாய் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் விடியற்காலம். விரலில் இருந்த கறுப்பு பாதம் வரை ஏறி எனக்குக் குளிர்காய்ச்சல். ஜன்னலுக்கு வெளியே யாரோ பெயர் கூப்பிடுவது கேட்டது. அவசரமில்லாத குரல், ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டது. நாலைந்து பெயருக்குப் பிறகு, பாக்கியம் என்றது. நான் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை பாக்கியம் என்றது. கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. மூன்றாம் தடவையும், நான்காம் தடவையும் அதே பெயர். நன்றாக விடிந்து கூட்டுகிறவள் வாளியோடு வரும் வரை அந்தக் குரல் ஓயவில்லை.

மறுநாளும் அப்படியே. அன்று காலை டாக்டர் வந்து என் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்கடை அளந்து மையால் கோடு போட்டார்.

மிஸ்ஸி சொன்னாள்: "நாளைக்கு எடுத்துடணும், அம்மா. இல்லைன்னா விஷம் மேலே ஏறிடும். உங்களுக்கு வயசாயிடுச்சு, மயக்கத்துலே இருதயம் தாங்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. சம்மதமா?"

கைநாட்டு வைக்க மையை நீட்டினாள். நான் பேனாவை வாங்கி, என் பெயரின் நாலெழுத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். காலைக் கொடுப்பது அப்படியொன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. மயக்கத்திலேயே போய்விட்டால் அந்த மனுஷன் செத்தாலும் பாவியாகவேதான் சாவார் என்பதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அன்று பகல் முழுவதும் ரெபெக்காள் பக்கத்தில் இருந்தாள். ஐந்தாறு தடவை வாய் திறந்தேன். தண்ணீர் கேட்டேன். காலைத் திருப்பி வைக்கச் சொன்னேன். மணி அடித்தது, அவள் போய்விட்டாள்.

மூன்றாம் விடியலில் குரல் ஜன்னலுக்கு உள்ளே வந்துவிட்டது. பாக்கியம் என்றது. என் தொண்டை எனக்கு அடங்கவில்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே இளங்குரலில், அவள் குரலில், "ஏன்" என்றேன்.

காலையில் ஆபரேஷனுக்கு முன்னால் என்னைப் பார்க்க ரெபெக்காளை விட்டார்கள். அவள் என் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது செல்லாயி கேட்டாள்:

"ஏம்மா, உங்கம்மா பேரு பாக்கியமா?"

"இல்லையே. ஏங்க்கா?"

"விடியக்காலம் யாரோ பாக்கியம்னு கூப்பிட்டாங்க. இவங்க ஏன்னாங்க. அதான் கேட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். கூப்பிட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "யாரு கூப்பிட்டா, செல்லாயி?"

"யாரு கண்டா! ஆம்பளையா பொம்பளையான்னே தெரியலை. மருந்து குடுக்கிறவங்கன்னு நினைச்சேன்லா."

ரெபெக்காள் கத்தரியைக் கீழே வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "பாக்கியம் என்னைப் பெத்த அம்மா பேரு" என்று செல்லாயியிடம் சொன்னாள். பிறகு குனிந்து என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் கழிச்சும் தூக்கத்துலே அவங்களை நினைக்கிறீங்களாம்மா? கூடப் பொறந்தவங்ககூட இப்படி இருக்கமாட்டாங்க."

அந்தக் கன்னத்தின் சூடு என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அதற்குப் பிறகு நான் வாய் திறந்தது தைரியத்தால் அல்ல. அவள் அன்பு ஒரு பொய்யின் மேல் வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

"கையை எடு. கேளு" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, முக்காடு, பாக்கியம் கேட்டது, நான் கொடுத்த "ஏன்", புத்தகத்தில் விழுந்த பதிவு. உன் அப்பன் அவளை அனுப்பவில்லை, அவள் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னேன்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒவ்வொரு வருஷமும் வந்து நின்னாரே. நீங்கதானே தேத்தண்ணி குடுத்தீங்க."

இன்னும் இரண்டு விரல் பாக்கி இருந்தது. கத்தரியை எடுத்து அந்த இரண்டு நகத்தையும் வெட்டினாள். வெட்டியதைத் துணியில் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மயக்க மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூக்கின்மேல் கம்பி வலை வைத்து, அதன்மேல் துணி போட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். பழுத்த பழம் புளித்த வாடை. மிஸ்ஸி எண்ணச் சொன்னாள். நான் எட்டு வரை எண்ணினேன். காது ரீங்கரித்தது, பிறகு ஒன்றுமில்லை. செத்ததுபோல இல்லை. நேரமே இல்லாததுபோல.

விழித்தபோது கால் வலித்தது. இல்லாத காலின் பெருவிரல் வலித்தது. வெட்டிய நரம்புக்குக் கால் போனது தெரியாதாம், அது பழைய வேலையையே செய்துகொண்டிருக்குமாம். போகப் போக அடங்கும் என்றாள் மிஸ்ஸி. வாந்தி வந்தது. யாரோ கிண்ணம் பிடித்தார்கள். பார்த்தேன். செல்லாயி, தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ரெபெக்காள் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எட்டு நாள் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை. கல்யாணப் போர்வை மட்டும் என் முதுகுக்கு அடியில் இருந்தது. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக ஆள் வரும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தவர் மாசிலாமணி. தலை முழுவதும் நரைத்து, புகைக் கொட்டகை இருமலோடு கட்டில் ஓரத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மக வந்து சொல்லிச்சு. உங்க வாயாலே கேக்கணும்னு வந்தேன், கங்காணியம்மா. அன்னைக்கு அவ பாயை விட்டு எழுந்திரிக்கவே இல்லையா?"

"இல்லை. நான் போகும்போதும் படுத்திருந்தா. வரும்போதும் அதே பாய்தான்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முதநாள் நான் அவளைத் திட்டிப்புட்டேன். எப்பப் பாரு படுத்துக்கிறேன்னு. அந்த ரோசத்துலேதான் எழுந்து போயிருக்கான்னு நினைச்சேன். ஊர் சொன்னது சரின்னு நானே நம்பிட்டேன். கிளம்புறப்போ, இன்னைக்குப் போவாதே, படுத்திருன்னுதான் சொன்னேன்." கொஞ்ச நேரம் இருமினார். "அப்போ என் பேச்சைக் கேட்டுத்தான் படுத்திருந்தாளா?"

"ஆமாம்."

அவர் வார்டு நடுவில் நின்று அழுதார். செல்லாயி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம், அம்மா. ஏதாவது ஒரு வருஷம் சொல்லியிருக்கலாம்" என்றார். சபிக்கவில்லை. சபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

தீர்க்கதரிசிகளின் பக்கங்களை இப்போது நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். கேட்காத ஜனங்களைக் கர்த்தர் அத்தனை தடவை கூப்பிட்டாரே, அது அவர்களுக்காக மட்டும்தானா என்று யோசிக்கிறேன். அவர்கள் கேட்காததால் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ. பொறுமையை அவர் என்மேல் செலவழித்தார். அதன் விலை வேறு ஒரு மனுஷன் கணக்கில் போனது.

புண் ஆறி, தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. என்னை அழைத்துப் போக ஆள் இல்லாமல் அனுப்பமாட்டோம் என்றார்கள். தோட்டத்துக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு, தலையை நானே பின்னிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி இருக்கும். ரெபெக்காள் வந்தாள். வாசலுக்கு வெளியே மாசிலாமணி அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வையை உதறி மடித்தாள். மருந்துப் புட்டிகளைத் துணியில் சுற்றினாள்.

மிஸ்ஸி பெரிய புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்தாள். "கூட்டிக்கிட்டுப் போறவங்க பேரு?"

"ரெபெக்காள்."

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்? மகளா?"

ரெபெக்காள் புட்டித் துணியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். மிஸ்ஸி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

"எங்கம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரங்க" என்றாள்.

பிறகு குனிந்து, என் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, என்னைத் தூக்கினாள்.